பாதிக்கூலி முத்திரை

வைத்தியத்துக்குப் பாதிக்கூலி என்று சொல்லி ஒரு முத்திரையை விற்று ஊரையே ஏமாற்றினார்கள். வினை வந்ததும் அதில்தான்.

நடந்தது வெகுகாலத்துக்கு முன்னால், கொன்றையூரை மகுடவேந்தன் என்ற ராசா ஆண்டபோது. ராசாவுக்குத் தன் முகத்தின் மேல் தீராத ஆசை. அது தெரிந்த அரண்மனை அதிகாரி தாண்டவராயர், ராசா முகம் பொறித்த செப்பு முத்திரையைக் கொண்டுபோய் நீட்டினார். "இதைக் காட்டினால் எந்த வைத்தியரும் பாதிக்கூலிதான் வாங்குவார், பிரபு."

"மூக்கு நன்றாக வந்திருக்கிறது. விற்றுக்கொள்," என்றார் ராசா. வேறொன்றும் கேட்கவில்லை.

உப்பு விற்கும் ஒருத்தி, வெள்ளிக் கொலுசை விற்று ஒன்று வாங்கினாள். புருஷனுக்கு விடாத காய்ச்சல். முத்திரையோடு தெருத்தெருவாக அலைந்தாள். "என்னை யாரும் கேட்கவில்லையே தாயி," என்றார் ஒரு வைத்தியர். அடுத்தவரும் அதையே சொன்னார். மறுக்காமல் வாங்கிக்கொண்டவன் ஒரே ஒருவன்: சந்தைப்பேட்டையில் மாட்டுக்குச் சூடு போடும் வீரணன். "ஆள் எங்கே? குப்புறப் படுக்கப் போடு," என்று சூட்டுக்கோலை எடுத்தான்.

முத்திரை வெறும் ஏமாற்று என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அழுதுகொண்டு நிற்கவில்லை. "அண்ணே, கோலோட என் பின்னால வாங்க. பெரிய இடத்து வைத்தியம்," என்றாள்.

வீரணனை அரண்மனை வாசலில் நிறுத்திவிட்டு, ராசா சபையில் போய்க் கும்பிட்டாள். "அதிகாரி ஐயாவும் இந்த முத்திரைதான் வச்சிருக்காங்களா சாமி?"

தாண்டவராயர் இடுப்புப் பையைத் தட்டினார். "இது இல்லாமல் நான் படி தாண்டுவதில்லை."

"ஐயா உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"குடிகளுக்காக உழைத்து உழைத்து முதுகுதான் விட்டுப்போகிறது." ராசா பார்க்கட்டும் என்று முதுகை வேறு பிடித்துக்கொண்டார்.

"முத்திரைக்குப் பாக்கிற வைத்தியர் வாசல்லயே நிக்கிறார் சாமி."

ராசாவுக்குக் குஷி. "கூப்பிடு. என் முகத்துக்கு என்ன மதிப்பு என்று சபை பார்க்கட்டும்."

வீரணன் கங்குச் சட்டியோடு வந்தான். "படுங்க எசமான். காளைக்குப் போடுற இடத்துலயே போட்டுடறேன். பாதிக்கூலிதான்."

"இவன் மாட்டுக்குச் சூடு போடுகிறவன், பிரபு," என்றார் தாண்டவராயர்.

"நீங்கதானே கள்ளு வாங்கிக் கொடுத்து, வைத்தியன்னு சொல்லிக்கடான்னீங்க," என்றான் வீரணன். கோல் சிவந்திருந்தது.

"படு, தாண்டவா. விற்றது நீதானே," என்றார் ராசா. குரல் மாறியிருந்தது.

தாண்டவராயர் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். "வேண்டாம் பிரபு. வேறு எந்த வைத்தியரையும் நான் கேட்கவே இல்லை."

சபை சிரித்தது. ராசா சிரிக்கவில்லை. "என் முகத்தைக் காட்டி ஏமாற்றியிருக்கிறாய். நானும் கேட்காமல் விட்டேன்."

அரண்மனை வைத்தியர் அப்போதே பல்லக்கில் உப்புக்காரி வீட்டுக்குப் போனார். தாண்டவராயர் சந்தையில் நின்று, வாங்கினவர்கள் ஒவ்வொருவருக்கும் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தார். ஏச்சும் வாங்கிக்கொண்டார். கொலுசையும் அவரே அலைந்து மீட்டார்.

காய்ச்சல் இறங்கி, புருஷன் கஞ்சி கேட்டான். அதைச் சொல்ல அவள் சபைக்கு வந்தபோது, ராசா பறையடிப்பவனுக்கு உத்தரவு சொல்லிக்கொண்டிருந்தார். இனி இப்படி எதை விற்பதானாலும், வைத்தியர்கள் ஊர் முன்னால் வந்து 'ஆமாம், பார்ப்போம்' என்று தங்கள் வாயால் சொன்ன பிறகே விற்க வேண்டும்.

"யார் உத்தரவு என்று சொல்ல, பிரபு?" என்று கேட்டான் பறையடிப்பவன்.

ராசா அவள் பக்கம் திரும்பினார். "உன் பேர் என்னம்மா?"

"கருத்தாயி, சாமி."

"அப்படியே சொல்லி அடி," என்றார் ராசா. "கருத்தாயி உத்தரவு."