வடக்கு அறைக்கு மூன்றாவது கம்பி

"இது பொய் அம்மா. களவு. அதுவும் மடத்துக்குள்ளேயே!"

தணிகாசலம் ஈரத்துண்டு ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி வந்து நின்றார். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவருக்கு மூச்சு வாங்கியது.

சௌந்தரவல்லி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர்தான் அந்த மடத்தின் குரு. தணிகாசலத்தைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"யார் என்ன செய்தார்கள்?"

"பெட்டியை ஏமாற்றுகிறார்கள். நான் மாட்டின தெர்மோஸ்டாட்டை!"

மலைமேல் இருந்த அந்த மடம் ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களா. கீழே பாய்லர் எரியும். சுடுதண்ணீர் இரும்புக் குழாய்களில் ஓடி எல்லா அறைகளையும் சூடாக்கும். எப்போது எரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று பாய்லருக்குச் சொல்வது, தான் இருக்கும் இடத்துச் சூட்டை அளக்கும் ஒரு சின்னச் சுவர்ப்பெட்டி, தெர்மோஸ்டாட். பழைய பெட்டி போன மாதம் செத்துப்போனது. முப்பது வருடம் மின்சார வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் தணிகாசலம். புதியதை அவர்தான் மாட்டினார்.

"பழசுக்கு இரண்டு கம்பி போதும். புதுசு எந்நேரமும் மின்சாரத்தில் விழித்திருக்க வேண்டும், அதற்கு மூன்றாவதாக ஒரு கம்பி வேண்டும். இழுத்துக் கொடுத்தேன். கூடத்தில் இருபத்தொரு டிகிரி வைத்தேன். பிசகாமல் நின்றது. இப்போது மூன்று நாளாக, விடிகாலையில் இந்த ஈரத்துண்டைப் பெட்டிமேல் போர்த்திவிட்டுப் போகிறார். பெட்டி குளிர் என்று நம்பி பாய்லரை எரிய விடுகிறது!"

"யார்?"

"மாசிலாமணி. இது அவர் துண்டு."

மாசிலாமணி மடத்துத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர். இளைப்பு நோய்க்காரர். பத்து நாளாகத் தோட்டத்துப் பக்கம் போக முடியவில்லை.

"என்னிடம் இரண்டு தடவை வந்து குளிருகிறது என்றார். கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டியைக் காட்டினேன். இருபத்தொன்று. 'குளிர் உங்கள் மனசில் இருக்கிறது, தியானத்தைக் கூட்டுங்கள்' என்றேன். சொன்னது தப்பா?"

அம்மா ஒரு தண்டை ஒடித்தார்.

"துண்டை அவரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள்."

"கண்டிக்கட்டுமா?"

"கண்டியுங்கள். உட்கார்ந்து, சாவகாசமாக."

தணிகாசலம் விறுவிறுவென்று நடந்தார். மாசிலாமணியின் அறை கட்டடத்தின் வடக்குக் கோடியில் இருந்தது. சொல்ல வேண்டியதை எல்லாம் வழியிலேயே அடுக்கி வைத்துக்கொண்டார்.

மாசிலாமணி படுத்திருக்கவில்லை. படுத்தால் மூச்சு அடைக்கும் என்பதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கம்பளி. அதற்கு மேல் ஒரு கோணிச் சாக்கு.

தணிகாசலம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நம்பிக்கைத் துரோகம் என்றால் என்னவென்று தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தார்.

நாணயத்தைப் பற்றிப் பேசினார். பிறர் உழைப்பை மதிப்பதைப் பற்றிப் பேசினார். மாசிலாமணியின் மூச்சு சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தது.

கால்மணி நேரத்தில் தணிகாசலத்தின் விரல்கள் மரத்தன. பேச்சை நிறுத்தாமலே கைகளை அக்குளில் செருகிக்கொண்டார். பிறகு பற்கள் கிடுகிடுத்ததில் ஒரு வாக்கியம் பாதியில் நின்றது.

நிமிர்ந்து பார்த்தார். கட்டிலுக்கு மேலே, சுவரில், உள்ளங்கை அகலத்துக்குப் புது சிமெண்ட் பூச்சு. அவரே பூசியது.

பழைய பெட்டி அங்கேதான் இருந்தது. இருப்பதிலேயே குளிரான அறையில் இதை மாட்டியவன் என்ன முட்டாள் என்று அன்றைக்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சுவருக்குள் மின்கம்பி ஓடிய பழைய குழாயில் மூன்றாவது கம்பி நுழையவில்லை. கூடமோ பாய்லருக்கு நேர் மேலே இருந்தது. அங்கே மாட்டுவது பத்து நிமிட வேலை.

"எத்தனை நாளாக இப்படிக் குளிருகிறது?"

"பெட்டியை மாத்தினதிலேர்ந்து, ஐயா."

"எனக்குச் சரியாகச் சொல்லியிருக்கலாமே!"

மாசிலாமணி அவரைப் பார்த்தார்.

தணிகாசலம் துண்டைக் கட்டில் கம்பியில் காயப்போட்டுவிட்டு வெளியே வந்தார். முகம் சிவந்துதான் இருந்தது. ஆனால் அம்மாவிடம் முறையிடப் போகவில்லை.

பாய்லரை அணைத்தார். மெயின் சுவிட்சை இறக்கினார். ஏணி வைத்துப் பரணில் ஏறினார். ஐம்பத்தெட்டு வயதில், எலிப்புழுக்கைக்கும் ஒட்டடைக்கும் நடுவே, வயிற்றால் ஊர்ந்து நாற்பது அடிக்குப் புதுக் கம்பி இழுத்தார். தன்னைத்தானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார். தான் பூசின சிமெண்டைத் தானே உளியால் கொத்தினார். பெட்டியை அங்கே மாட்டி, மெயினைப் போட்டார்.

பெட்டி பதின்மூன்று என்று காட்டியது.

கீழே பாய்லர் பற்றிக்கொண்டது. மூன்று மணி நேரம் நிற்கவே இல்லை.

தணிகாசலம் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பதினெட்டில் மாசிலாமணி சாக்கை விலக்கினார். இருபதில் ஒரு கம்பளியை உதறினார். இருபத்தொன்று வந்தபோது அவர் கால் நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டிருந்தார்.

மறுநாள் காலையில் மடத்து நிர்வாகி கோதண்டபாணி, பின்னால் ஏழெட்டுப் பேரோடு அம்மாவிடம் வந்தார். எல்லார் முகத்திலும் வியர்வை.

"அம்மா, இது என்ன அநியாயம்! கூடத்தில் இருபத்தேழு டிகிரி! உட்கார முடியவில்லை. கண்ணை மூடினால் புழுங்குகிறது, எங்கே தியானம் செய்வது? பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு மூலையில் மாட்டி வைத்திருக்கிறார் இந்த மனுஷன். ஒருத்தருக்காக இருபது பேர் வேக வேண்டுமா?"

அம்மா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தணிகாசலத்தைப் பார்த்தார்.

தணிகாசலம் எழுந்து நின்றார்.

"ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள்" என்றார்.