ஆமை போட்ட பட்டாம்பூச்சித் தோட்டம்

முட்காட்டுக் குளத்துக்கு மேற்கே, ஒரு காரைப் புதரடியில் நட்சத்திர ஆமை ஒருத்தி குடியிருந்தாள். முதுகெல்லாம் மஞ்சள் பொட்டு. அதனால் அவளுக்குப் பொட்டம்மா என்று பெயர்.

பொட்டம்மாவுக்குப் பட்டாம்பூச்சி என்றால் உயிர். ஆனால் பாவம், அவள் கழுத்தை நீட்டிப் பார்ப்பதற்குள் பட்டாம்பூச்சி குளத்தின் அக்கரைக்குப் போய்விடும். அவள் அக்கரை போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

ஒருநாள் அவளுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. "நான் ஏன் அதுக பின்னாலே அலையணும்? அதுக என் வாசலுக்கு வரட்டுமே! வாசலிலே ஒரு பூந்தோட்டம் போட்டா என்ன?"

சேதி கேட்ட முயல்கள் விழுந்து விழுந்து சிரித்தன.

"ஆமை புகுந்த வீடே உருப்படாதாம்! ஆமை போட்ட தோட்டம் விளங்கினாப்பலதான்!"

பொட்டம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன்னங்காலால் மண்ணைக் கிளறினாள். கிடைத்த விதைகளையெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் நேர் வரிசையாக ஊன்றினாள்.

அப்போது வேலி மேலிருந்து ஒரு குரல் கேட்டது. "அக்கா! தோட்டம் போடுறீங்களா, போருக்கு ஆள் நிறுத்துறீங்களா?"

அண்ணாந்து பார்த்தாள். கொண்டையப்பன் என்ற ஓணான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தோட்டம் போடத் தெரியுமா தம்பி?"

"தோட்டம் தெரியாது. பட்டாம்பூச்சியைத் தெரியும்! அது எங்கே உட்காரும், எப்போ உட்காரும், எவ்வளவு நேரம் உட்காரும், எல்லாம் எனக்கு அத்துப்படி!"

அது உண்மைதான். எப்படி அத்துப்படியானது என்று பொட்டம்மா கேட்டிருக்கலாம். சந்தோஷத்தில் அவளுக்கு அது தோன்றவே இல்லை.

கொண்டையப்பன் கடகடவென்று திட்டம் சொன்னான். "உயரமா வளர்ற உன்னிச்செடி வேலியோரம். அது காத்தைத் தடுக்கும். அதுக்கு முன்னாலே வெட்சி. தும்பை விதையைச் சும்மா இறைச்சு விடுங்க, இஷ்டம்போல முளைக்கட்டும். நடுவிலே ஒரு தட்டைக் கல். காலையிலே சிறகு விரிச்சு வெயில் காய அதுகளுக்கு இடம் வேணும். பக்கத்திலே கொஞ்சம் ஈரச் சேறு. உப்பு உறிஞ்ச வரும்."

"அப்புறம்?"

"கல்லுக்கு மேலே சாய்ஞ்சாப்பல ஒரு காய்ஞ்ச குச்சி."

"குச்சி எதுக்கு தம்பி?"

ஓணான் தொண்டையைச் செருமிக்கொண்டான். "அழகுக்கு!"

மழை பெய்தது. தோட்டம் குப்பென்று பூத்தது. முதலில் ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சி வந்தது. அடுத்து நீலம். பிறகு கறுப்பில் சிவப்புப் புள்ளி. கல் மேல் ஒன்று, சேற்றில் கூட்டமாக ஏழெட்டு! பொட்டம்மா சாப்பாட்டையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கேலி பேசிய முயல்கள்கூட வந்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தன. குச்சி மேல் கொண்டையப்பன். "நான் காவல் இருக்கேன் அக்கா!" என்றான்.

சில நாளில் பட்டாம்பூச்சிகள் குறைந்தன. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

ஒரு மத்தியானம் அவள் குச்சிக்கு அடியில் ஊர்ந்து போனாள். தும்பைச் செடிகளுக்கு நடுவே சிறகுகள் கிடந்தன. வெறும் சிறகுகள். நிமிர்ந்து பார்த்தாள். ஓணானின் கடைவாயில் நீலமாக ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாவி! என்ன காரியம் பண்ணினே!"

"கோவிச்சுக்காதீங்க அக்கா. நீங்க இலை போட்டீங்க. நான் சாப்பிட்டேன். இதிலே என்ன தப்பு?"

அவள் ஆத்திரத்தோடு குச்சியை முட்டினாள். அவன் ஒரே தாவாகத் தாவி வேலியில் போய் உட்கார்ந்தான். வேலியை முட்டினாள். அவன் மரத்தில் ஏறிச் சிரித்தான்.

"வேலியிலே போன ஓணானை மடியிலே எடுத்து விட்டுக்கிட்டேனே!" என்று பொட்டம்மா விம்மினாள். தோட்டம் இருந்தால்தானே பட்டாம்பூச்சிகள் வரும்? வந்தால்தானே சாகும்? மனதைக் கல்லாக்கிக்கொண்டு மயிலி என்ற வெள்ளாட்டைக் கூப்பிட்டாள்.

"மயிலி, என் தோட்டத்தை மேய்ஞ்சுடு. ஒரு இலை மிச்சம் வைக்காதே."

"நிஜமாவா சொல்றே? அப்புறம் வழக்குப் பேசக் கூடாது!" மயிலி வெட்சியை வளைத்தாள். தும்பையை வாரினாள். பாதித் தோட்டம் அவள் வயிற்றுக்குள் போயிற்று. பொட்டம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"தூ! தூ! தூ!"

மயிலி வேலிக்கு வெளியே நின்று துப்பிக்கொண்டிருந்தாள். "எருக்கு! அவசரத்திலே கடிச்சுட்டேன். அப்பப்பா, என்ன கசப்பு! இதை எவன் தின்பான்?"

"நான் தின்பேன்!" என்று சின்னக் குரல் ஒன்று கேட்டது.

எருக்க இலையின் விளிம்பில், வெள்ளையும் கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட ஒரு புழு நறுக் நறுக்கென்று தின்றுகொண்டிருந்தது.

"உனக்குக் கசக்கலையா?" என்று பொட்டம்மா கேட்டாள்.

"கசப்பு என் உடம்பிலே ஏறணும்னுதானே தின்கிறேன்! நாளைக்கு நான் பட்டாம்பூச்சி ஆனாலும் இந்தக் கசப்பு போகாது. அப்புறம் எவன் என் மேலே வாய் வைப்பான்?"

பொட்டம்மாவின் கழுத்து ஓட்டிலிருந்து முழுசாக வெளியே வந்தது.

"மயிலி! போதும், நிறுத்து! மீதியை மேயாதே!"

"பாதி வயித்திலே நிறுத்தச் சொல்றியே, இது நியாயமா?" என்று முனகிக்கொண்டே மயிலி போனாள்.

பொட்டம்மா அன்றே வேலைக்கு இறங்கினாள். வெடித்த எருக்கங்காயின் பஞ்சு விதைகளை வாயில் கவ்வி வந்து, உன்னிக்கும் வெட்சிக்கும் இடையே தூவினாள். மறுபடி மழை வந்தது. மேய்ந்த செடிகள் துளிர்த்தன. எருக்கங்கன்றுகளும் தலை தூக்கின. பட்டைப் புழுவின் சொந்தபந்தமெல்லாம் அவற்றில் குடியேறியது.

கொண்டையப்பன் எட்டிப் பார்த்தான். "புழுவாத் தின்னா எனக்கு ஒரு வாய். பொறுத்திருந்தா ஊருக்கே பந்தி!" என்று தனக்குள் கணக்குப் போட்டான். சித்தப்பன், மாமன், மச்சான் என்று எல்லா ஓணான்களுக்கும் விருந்து சொல்லி அனுப்பினான்.

புழுக்கள் பச்சை மணிகளாகத் தொங்கின. ஒரு காலையில் மணிகள் வெடித்து, ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிகள் வெளியே வந்தன. தோட்டமே தீப்பற்றியதுபோல் ஆயிற்று. வேலி முழுக்க ஓணான்கள்.

"முதல் வாய் வீட்டுக்காரனுக்கு!" என்று கொண்டையப்பன் பாய்ந்தான். கல்லில் வெயில் காய்ந்த ஒன்றை லபக்கென்று கவ்வினான்.

புழு சொன்னது பொய்யாக இருந்தால்? பொட்டம்மா தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். பார்க்க மனம் வரவில்லை.

"உவ்வே!"

மெல்லத் தலையை நீட்டினாள். கொண்டையப்பன் நாக்கைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தான். கண் பிதுங்கியது. உடம்பு சிவந்து, கறுத்து, வெளிறியது. அவன் துப்பிய பட்டாம்பூச்சி சிறகோரம் கொஞ்சம் கிழிந்து, வெட்சிப் பூவில் உட்கார்ந்து சாவகாசமாகத் தேன் குடித்துக்கொண்டிருந்தது.

"விருந்துன்னு கூப்பிட்டு விஷம் வைக்கிறியாடா!" என்று மாமன் ஓணான் கத்தினான். வேலி ஒரே நொடியில் காலியாயிற்று.

கொண்டையப்பனுக்குக் கலக்கம் தீரவில்லை. எது கசக்கும், எது கசக்காது? நீலமா? மஞ்சளா? எதற்கு வம்பு என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டான். தூரத்துக் கரையான் புற்றில் காலம் தள்ளினான்.

ஆனால் வெயில் காய அந்தக் குச்சிதான் அவனுக்குப் பிடித்த இடம். ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தான்.

"அக்கா, சும்மா உட்கார்ந்துக்கட்டுமா?"

"உட்கார் தம்பி. வாயை மட்டும் மூடிக்கோ!" என்றாள் பொட்டம்மா.

அவன் உட்கார்ந்தான். ஓர் ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி மெதுவாக வந்து அவன் தலையிலேயே இறங்கிற்று. அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு, அசையாமல் இருந்தான்.

"கொண்டையிலே பூ வெச்சிருக்கான் பாருங்கடி!" என்று முயல்கள் கூவின. பொட்டம்மா சிரித்த சிரிப்பில் அவள் ஓடே குலுங்கியது.

இனிப்பை மட்டும் நட்டு வளர்ப்பவன் திருடனுக்கு விருந்து வைக்கிறான். கூடவே கொஞ்சம் கசப்பையும் நட்டு வைப்பவனுக்குத்தான் தோட்டம் மிஞ்சும்.