லைட்ஹவுஸ் நடந்து வந்த கதை

சங்கரலிங்கம் அண்ணாச்சி கடைக்குள் வந்து உட்கார்ந்ததும் பரோட்டா மாஸ்டர் ஆவுடையப்பன் கல்லை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். அண்ணாச்சியின் மனைவி கோமதி அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். லீவுக்கு முள்ளிக்கரைக்குப் போகிற மனுஷன் கடற்கரையோரமாக லைட்ஹவுஸ் வரைக்கும் நடந்துவிட்டு வந்தால் பரோட்டா. இல்லையென்றால் ஆயுசுக்கும் இட்லிதான்.

"ஏன் முழிக்க? நடந்துட்டேம்ப்பா! ரெண்டு போடு. சால்னா வாசத்துல எனக்குக் கண்ணே கலங்குது."

"நீரா? நடந்தீரா?" டீ குடித்துக்கொண்டிருந்த ஜவுளிக்கடை பீர்முகமது பாய்க்குப் புரையேறியது.

"கேளும் பாய். அங்க அமைதின்னா அப்படி ஒரு அமைதி. நண்டு வளை தோண்டுத சத்தம், லாரில ஜல்லி கொட்டுத மாதிரி கேக்கும். செருப்பக் கழட்டினதுமே எனக்கு அசதி. ஒரு கொட்டாவி விட்டேன். கப்பல் வந்துட்டுன்னு பக்கத்து ஊரே பெட்டியத் தூக்கிட்டு ஓடியாந்துட்டு."

"சரி, அப்புறமாவது நடந்தீரா?"

"நடந்தேன். என் வேகம் உமக்குத் தெரியாதா? ஒரு ஆமை கரையேறி என்னைய முந்திப் போச்சு. குழி தோண்டி, முட்டை போட்டு, மூடிட்டுத் திரும்பி வருது, நான் அங்கனயேதான் நிக்கேன். கொஞ்ச நாள்ல அது குஞ்சுகளும் முந்திட்டு. கடைசிக் குஞ்சு மட்டும் நின்னு, 'தாத்தா, கைபிடிக்கவா'ன்னு கேட்டுச்சு. அவமானமாப் போச்சுவே."

ஆவுடையப்பன் மாவைத் தொட்டான். அண்ணாச்சிக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது.

"வெயிலுக்குப் பயந்து எந் தொப்பை நிழல்ல ஏழு நாயும், ஒரு ஐஸ்காரரும் வண்டியோட ஒதுங்கிட்டாவ. அம்புட்டுப் பேரையும் கூட்டிக்கிட்டு எப்படி நடக்க? பாத்தா, கடலுக்குள்ள இருந்து கரைக்கு ஒரு கயிறு விறைப்பா நிக்கி. ஆஹா, என்னைய மாதிரி ஆளுக பிடிச்சு நடக்கக் கட்டியிருக்காவன்னு நெனச்சு, பிடிச்சுக்கிட்டுப் பின்னால சாஞ்சுட்டேன்."

"வே, அது மீன் பிடிக்கக் கரையில இருந்து இழுக்குத கரைவலைக் கயிறுல்லா!"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் சாஞ்ச சாய்ப்புல வலை வந்துட்டு. பின்னாலயே வள்ளம் வந்துட்டு. அப்புறம் எதுத்தாப்புல கெடந்த தீவு, தென்னமரத்தோட வந்து கரையில முட்டிட்டு! கயித்தத் தொட்டவனுக்குப் பங்கு உண்டுன்னு அங்க வழக்கமாம். என் பங்கு நெத்திலியக் குவிச்சாவ பாருங்க, ஊரே மறைஞ்சு போச்சு."

"லைட்ஹவுஸ் என்னாச்சுவே?" பாய் விடவில்லை.

அண்ணாச்சி ஓரக்கண்ணால் கல்லைப் பார்த்தார். மாவு இன்னும் உருண்டையாகவே இருந்தது.

"அதத்தான சொல்ல வாறேன். கயித்த விட்டா விழுந்துருவேன்னு இன்னும் கொஞ்சம் சாஞ்சேன். தரையே இழுபட்டு, லைட்ஹவுஸ் தானா நகந்து எம் பக்கத்துல வந்து நிக்கி! பொய் சொல்லப்படாது, மிச்சம் நாலு எட்டு நானே நடந்து போய்த் தொட்டேன்."

ஆவுடையப்பன் கையைத் துண்டில் துடைத்தான்.

"அண்ணாச்சி, ஆமைக்குஞ்சு பேசினத நம்புதேன். தீவு வந்ததையும் நம்புதேன். லைட்ஹவுஸ் நகந்து வந்தது சத்தியமா நடந்திருக்கும். அந்த நாலு எட்டுதான் நம்ப முடியல."

உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான்.

"அண்ணாச்சிக்கு ரெண்டு இட்லி!"