இரும்பின் நிழல்

“சாவியை என் கையில எப்பத்தான் தருவீங்க, சிஸ்டர்?” என்று அமலி கேட்டாள்.

சிஸ்டர் பெலிசித்தா டிராக்டரின் முன்சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேத்து கேட்டேன், சிரிச்சீங்க. முந்தாநாள் கேட்டேன், செபமாலையை எடுத்துக்கிட்டு கோயிலுக்குப் போயிட்டீங்க. சனிக்கிழமை நீங்க மாத்தலாகிப் போறீங்க. அப்புறம் நான் யாருகிட்டப் போய்க் கேக்குறது?”

“டயர்ல காத்து கம்மியா இருக்கு,” என்றார் சிஸ்டர்.

மலையடிவாரத்தில் இருந்த அந்தக் கன்னியர் மடத்துக்கு நிலம் உண்டு, தென்னந்தோப்பு உண்டு, ஒரு டிராக்டரும் உண்டு. டிராக்டரின் மூக்குக்கு முன்னால் ஒரு அகலமான இரும்புப் பலகை. ஏற்றலாம், இறக்கலாம். மேட்டை நிரவும், பள்ளத்தை மூடும். எல்லோரும் அதை பிளேடு என்றார்கள்.

அதை ஓட்டத் தெரிந்தவர் மடத்தில் ஒருவர்தான். அவர்தான் சிஸ்டர் பெலிசித்தா.

அமலிக்கு மடத்துச் சமையல்கட்டில் வேலை. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். மகள் ஜெனிட்டா நடக்கப் பழகிய கையோடு ஓடவும் பழகியிருந்தாள். பகலெல்லாம் மடத்துப் பிள்ளைகள் காப்பகத்தில் இருப்பாள்.

சிஸ்டருக்கும் அமலிக்கும் ஒரே வயது. ஒரே கான்வென்ட், ஒரே பெஞ்சு. அந்தக் காலத்தில் சிஸ்டரின் பெயர் ஸ்டெல்லா. கணக்குப் பரீட்சையில் அமலியைப் பார்த்துத்தான் எழுதுவாள். இப்போது அமலி அவரை வாங்க போங்க என்றாள். போட்டிருந்த அங்கி அப்படி.

மடத்துத் தலைவி மதர் லியோனி சொல்லியிருந்தார்: “பெலிசித்தா போறதுக்குள்ள அமலி தேறிட்டா டிராக்டர் அவ பொறுப்பு. இல்லைன்னா டவுன்லேருந்து டிரைவர் வரட்டும். அவ அடுப்படியப் பாக்கட்டும்.”

அமலிக்கு அடுப்படி போதும் போதும் என்றாகிவிட்டது. டிராக்டர் சீட்டில் உட்கார்ந்த அன்றைக்கே அவள் முதுகு நிமிர்ந்துவிட்டது. அதற்கப்புறம் அது வளைய மாட்டேன் என்றது.

அந்த முதல் நாள் அவள் மகளையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஊரில் டிராக்டர் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். பிள்ளையை மட்கார்டில் உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் அது ஒரு கௌரவம்.

“அவ அம்மா ஓட்டுறதை பாப்பாவும் பாக்கட்டும் சிஸ்டர்.”

சிஸ்டர் குழந்தையை வாங்கிக் காப்பகத்து ஆயாவிடம் கொடுத்தார். சமையல்கட்டுக்குப் போனார். ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தை உட்கார்ந்திருந்த இடத்தில் அதை வைத்தார்.

“ஓட்டு. மெதுவாவே ஓட்டு.”

அமலி மெதுவாகத்தான் ஓட்டினாள். வாய்க்கால் மேட்டில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. பூசணிக்காய் உருண்டது.

பின்சக்கரம் அதற்காக நிற்கவில்லை.

அமலி திரும்பிப் பார்த்தாள், பார்த்திருக்க வேண்டாம். அன்று சாயங்காலம் முழுக்க அவள் மகளை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

மறுநாள் வந்து நின்றாள்.

“வண்டியில யாரையும் ஏத்தக் கூடாதுன்னு புரிஞ்சுது சிஸ்டர். ஆனா எனக்குப் பயமா இருக்கு.”

“அதை மட்டும் ஏத்திக்கோ,” என்றார் சிஸ்டர்.

அவருடைய பாடங்கள் எல்லாம் அப்படித்தான்.

ஒருநாள் அமலி பிளேடை உயரத் தூக்கிக்கொண்டு தோப்பு வழியே ஜம்மென்று வந்தாள். சிஸ்டர் கை காட்டி நிறுத்தினார்.

“முன்னாடி என்ன இருக்கு?”

“பிளேடு.”

“அதுக்கு முன்னாடி?”

அமலிக்குத் தெரியவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தாள். ஒரு கோழி, குஞ்சுகளோடு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அவள் வண்டி ஓடும்போது பிளேடு தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தைத் தாண்டியதில்லை.

இன்னொரு நாள் வேகமாகப் போய் ஒரு மண்மேட்டில் மோதினாள். உள்ளே பனங்கட்டை புதைந்து கிடந்தது. வண்டி முட்டி நின்றது. இடுப்பில் பெல்ட் இருந்ததால் பிழைத்தாள்.

“அந்த மண்ணு உன்னை ஏதாச்சும் திட்டுச்சா?” என்று கேட்டார் சிஸ்டர்.

“இல்ல சிஸ்டர்.”

“அப்புறம் ஏன் அடிச்சே? தள்ளத்தானே சொன்னேன்?”

குளக்கரைச் சரிவில் குறுக்கே திருப்பப் போனாள். சிஸ்டர் ஓடிப்போய்ப் பள்ளத்துப் பக்கமாக நின்று, டிராக்டரை ஒரு கையால் தாங்குவதுபோல் கையை உயர்த்தினார்.

“ஐயோ! என்ன சிஸ்டர், வண்டி சாஞ்சா நீங்க தாங்குவீங்களா?”

“நீ யாரு தாங்குவான்னு நெனச்சுப் போறே?”

அமலி வண்டியைப் பின்னுக்கு எடுத்தாள். நேராக ஏறினாள். நேராக இறங்கினாள்.

இப்படியே அவள் தேறிக்கொண்டு வந்தாள். இறங்கும்போதெல்லாம் பிளேடைத் தரையில் இறக்கிவைப்பாள், இன்ஜினை அணைப்பாள், சாவியை உருவி சிஸ்டர் கையில் கொடுப்பாள். சிஸ்டர் வாங்கிக்கொள்வார். அது ஒன்றுதான் அவளுக்கு வலித்தது.

அந்த வாரத்தில்தான் சூசையண்ணன் பெயிண்ட் டப்பாவோடு வந்தார். மடத்துக் காவல்காரர். திருவிழாத் தேருக்கு வண்ணம் தீட்டுகிறவரும் அவர்தான்.

“மொட்டையா நிக்குது தங்கச்சி. ஒரு பேர் போட்டாத்தான் வண்டிக்குக் களை.”

பிளேடை நீல வண்ணத்தில் நனைத்து, நடுவில் கொட்டை எழுத்தில் ‘மாதா துணை’ என்று எழுதினார். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அமலி ஒரு முழம் மல்லிகை சாத்தினாள்.

அன்றிலிருந்து வண்டியை விட்டு இறங்கும்போது அவளால் பிளேடைத் தரையில் வைக்க முடியவில்லை.

வீட்டில் மாதா படத்தைத் துடைக்கும்போதுகூட அதைத் தரையில் வைக்க விடமாட்டாள் அவள் அம்மா. பாய் விரித்து, பாய் மேல் துண்டு விரித்து, துண்டின் மேல்தான் வைக்க வேண்டும். அப்படி வளர்ந்த பெண், மாதா பேரைச் சாணியிலும் சகதியிலும் எப்படிப் போடுவாள்?

வண்டியை நிறுத்தினால் பிளேடைக் கழுவினாள். உயரத் தூக்கி வைத்துவிட்டுப் போனாள். கேட்டிலிருந்து பார்த்தாலே பெயர் தெரிந்தது. வருகிறவர்கள் போகிறவர்கள் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். தான் பெற்ற பிள்ளை மேடையில் நிற்பதுபோல் அமலிக்குப் பூரிப்பு.

சிஸ்டர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

“சிஸ்டரே ஒண்ணும் சொல்லல அண்ணே,” என்று சூசையிடம் சொல்லிக்கொண்டாள்.

“சொல்லலைன்னா சரின்னு அர்த்தமா? என் பொண்டாட்டி கத்துறப்ப நான் சும்மா இருப்பேன். அவ வாயத் தொறக்காம இருந்தாத்தான் எனக்கு வயித்தைக் கலக்கும்.”

“போங்கண்ணே!”

வெள்ளிக்கிழமை பரீட்சை.

காப்பகத்துக்கு எதிரே, குளம் வெட்டிய மண் மலைபோல் குவிந்து கிடந்தது. முந்தின நாள் மழையில் அதைச் சுற்றித் தண்ணீர் தேங்கிவிட்டது. பிள்ளைகள் நடக்க வழியில்லை. அதை நிரவ வேண்டும்.

மதர் லியோனி குடை பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆயா பிள்ளைகளை மூங்கில் படலுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நிறுத்தினாள்.

அமலி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். ஏறினாள். பெல்ட்டைப் போட்டாள். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்குமான இரண்டு பிரேக் மிதிகளும் ஒன்றாகக் கொக்கி போட்டிருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தாள். பின்னால் பார்த்தாள். ஹாரன் அடித்தாள்.

பிறகு அவள் வேலை செய்தாள் பாருங்கள்.

அவசரமில்லை, முட்டலில்லை. மேட்டில் கொஞ்சம் கடித்து, பள்ளம் வரை தள்ளி, பின்னுக்கு வந்து, மறுபடி கொஞ்சம் கடித்து. தோசைக் கல்லில் மாவு இழுப்பதுபோல் மண் விரிந்துகொண்டே போனது.

“அடேயப்பா!” என்றார் சூசை. “இவளை வெங்காயம் உரிக்க விட்டிருந்தோமே!”

“எங்கம்மா! எங்கம்மா டுர்ர்ர்!” என்று படலுக்குப் பின்னால் ஜெனிட்டா குதித்தாள்.

மதர்கூடக் குடையைத் தாழ்த்திவிட்டு நன்றாகப் பார்த்தார்.

கோயிலில் உச்சிவேளை மணி அடித்தது.

அந்த மடத்தில் அந்த மணி கேட்டால் யாராக இருந்தாலும் போட்டது போட்டபடி நிற்க வேண்டும். மண்வெட்டி நிற்கும், கரண்டி நிற்கும். மாதாவின் மூவேளை செபம் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த வேலை.

அமலி வண்டியை நிறுத்தினாள். பிளேடு சேற்றில் பதிந்திருந்தது. எழுத்தில் பாதி கண்ணுக்கே தெரியவில்லை.

சொல்லப்போவது மாதாவின் செபம். மாதாவின் பெயரோ சேற்றுக்குள்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. பிளேடை உயரத் தூக்கினாள். சத்தம் ஆகாது என்று இன்ஜினை அணைத்தாள். இறங்கினாள். செருப்பைக் கழற்றினாள். பெயருக்கு நேர் எதிரே வந்து நின்று கைகூப்பினாள்.

மதர் நிறைவாகத் தலையசைத்தார்.

செபம் தொடங்கியது.

சிஸ்டர் பெலிசித்தா செபித்துக்கொண்டே நடந்து வந்தார். அமலியைக் கடந்தார். தூக்கி நின்ற பிளேடுக்குக் கீழே போய், ஈரமண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

செபம் அமலியின் வாயிலேயே நின்றுவிட்டது.

“சிஸ்டர்... என்ன பண்றீங்க?”

“வெயிலா இருக்கு. இங்க நல்ல நிழல்.”

“அங்க வேணாம் சிஸ்டர். இந்தப் பக்கம் வாங்க.”

“ஏன்? மாதாவுக்குக் கீழதானே உக்காந்திருக்கேன்? நீதானே தூக்கி வச்சே?”

அமலியின் கண் பிளேடைத் தாங்கிய குழாயில் போய் நின்றது. விரல் தடிமன். அதற்குள் கொஞ்சம் எண்ணெய். இத்தனை இரும்பும் அதை நம்பித்தான் அந்தரத்தில் நிற்கிறது. இறக்கலாம் என்றால் அடியில் ஆள்.

சிஸ்டர் காப்பகத்துப் பக்கம் திரும்பினார். கையை நீட்டினார்.

“ஜெனிட்டா! செல்லம்! ஏன் வெயில்ல நிக்குறே? நிழலுக்கு வா!”

குழந்தைக்குச் சிரிப்பு. ஆயாவின் கையை உதறியது. படலுக்கு அடியில் நுழைந்தது. இந்தப் பக்கம் வந்தது. நிழலைப் பார்த்து ஓடிவந்தது.

அமலி எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. பாதி வழியில் பிள்ளையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினாள்.

“எந்திரிடி ஸ்டெல்லா!”

மடத்தில் அதுவரை யாரும் அப்படிக் கத்தியதில்லை. தென்னையில் இருந்த காக்கைகள் பறந்தன.

“எந்திரி! அது மாதா இல்லடி! இரும்பு!”

சிஸ்டர் எழுந்தார். அங்கியில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனார்.

அமலி குழந்தையை ஆயாவிடம் கொடுத்தாள். “எல்லாரும் தள்ளி நில்லுங்க!” என்றாள். மதரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு நகர்ந்தார். வண்டியைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள். ஏறினாள். நெம்புகோலைத் தள்ளினாள்.

பிளேடு இறங்கியது. சேறு சதக்கென்று வழிவிட்டது. ‘மாதா துணை’ பாதிக்கு மேல் உள்ளே போனது.

கியரை நியூட்ரலில் போட்டாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். சாவியை உருவினாள். இறங்கி, ஓரமாகப் போய் நின்றாள்.

“செபத்தை விட்ட இடத்துலேருந்து சொல்லுவோமா?” என்றார் சிஸ்டர்.

எல்லோரும் சொன்னார்கள். அமலியும் கடைசிவரை சொன்னாள்.

முடிந்ததும் மதர் லியோனி எழுந்து வந்தார். அமலிக்கு முன்னால் நின்று கையை நீட்டினார்.

“சாவியக் கொடு.”

அமலி அசையவில்லை.

“செபத்துல கத்துனே, விட்டுடறேன். சிஸ்டரை வாடி போடின்னே, அதையும் விட்டுடறேன். ஆனா எல்லாரும் பாக்க மாதா பேரைக் கொண்டுபோய்ச் சேத்துல வச்சியே. உன்னை நம்பி இதை எப்படி விடுறது?”

சூசை தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். அமலி சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் மலைமேல் மேகம் கட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அமலி ஆயாவிடமிருந்து மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சாவியை இன்னொரு கையில் இறுக்கிக்கொண்டாள்.

“மாதா மாட்டுத் தொழுவத்துல புள்ள பெத்தவங்க, மதர். சேறு அவங்களுக்குப் புதுசு இல்ல.”

மதர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.