முதுகில் வந்த கட்டியும் ஐம்பது கசையடியும்

கொல்லிமலைக்குத் தெற்கே ஒரு சின்ன ராஜ்யம். அதை ஆண்ட வரகுணராயருக்கு ஒரு நாள் முதுகில் ராஜபிளவை வந்துவிட்டது. சாதாரணக் கட்டியா அது? தேங்காய் மூடி அளவுக்கு வீங்கி, அரசரைக் கட்டில் விளிம்பில் தலை தொங்கக் குப்புறப் படுக்க வைத்துவிட்டது. ஐந்து நாளாக அவர் கண்ணில் பட்டதெல்லாம் தரையும், வருகிறவர்களின் கால்களும்தான்.

"நாளைக்குள் கீறாவிட்டால் விஷம் ரத்தத்தில் ஏறிவிடும், மகாராஜா" என்றார் வைத்தியர்.

"நாளைக்குப் பார்க்கலாம்" என்றார் அரசர். இதையேதான் நேற்றும் சொன்னார். ஏழு போரில் வாளுக்கு அஞ்சாதவருக்கு வைத்தியரின் விரல் நீளக் கத்தியை நினைத்தால் பயம். அதை யாரிடம் சொல்ல முடியும்?

அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றியவர்கள் நலம் விசாரிக்க வந்தவர்கள். அதிலும் முதலமைச்சர் பொன்னம்பலநாதர் காலையும் மாலையும் வந்து, "என் மாமனாருக்கும் இதே இடத்தில்தான் வந்தது. நல்ல மனுஷர். ஒன்பதாம் நாள் போய்விட்டார்" என்று மூக்கைச் சிந்துவார். போகிற போக்கில் ஒரு சட்டத்திலும் முத்திரை வாங்கிக்கொண்டார். நோயைக் குறித்து யார் கேலி பேசினாலும், அதைக் கேட்டு யார் சிரித்தாலும் ஐம்பது கசையடி. வலியில் கிடந்த அரசர் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

வெளியூர் போயிருந்த அவைப்புலவர் மருதவாணர் அன்றுதான் திரும்பினார். சட்டம் அவருக்குத் தெரியாது. வந்தவர் கட்டிலைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு தரையில் மல்லாந்து படுத்து, நகர்ந்து நகர்ந்து அரசரின் முகத்துக்கு நேர் கீழே வந்து சேர்ந்தார். கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்தார்.

"அரசே, ஐந்து நாளாகத் தரையில் எதையோ தேடுகிறீர்களாமே. என்ன தொலைந்தது என்று சொன்னால் நானும் சேர்ந்து தேடுவேன்."

அரசருக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கட்டி விண்ணென்று தெறித்தது. "ஐயோ அம்மா" என்றார். மறுபடியும் சிரித்தார்.

"அரசர் துடிக்கிறார், இவருக்குக் கேலியா?" என்று பொன்னம்பலநாதர் குதித்தார். "நோயைக் கேலி செய்தாலும், அதற்குச் சிரித்தாலும் சட்டப்படி ஐம்பது அடி. கசையைக் கொண்டு வாருங்கள்."

அரசருக்கு மனசே இல்லை. ஆனால் முத்திரை அவருடையது. காவலனின் கால்கள் வந்து நின்றன. பக்கத்தில் கசையின் நுனி தரையில் தொங்கியது. ஐம்பது அடியை மருதவாணரின் ஒட்டடைக்குச்சி உடம்பு எப்படித் தாங்கும் என்று அரசர் கலங்கினார்.

"வாங்கிக்கொள்கிறேன்" என்றார் மருதவாணர், படுத்தபடியே. "அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. அரசே, வலி எப்படி இருக்கிறது?"

அரசருக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை பேர் வந்தார்கள், இதை ஒருவரும் கேட்கவில்லையே.

"எப்படியென்றால்..." என்று யோசித்தார். "பொன்னம்பலநாதர் என் முதுகின்மேல் ஏறி உட்கார்ந்து வாழ்த்துரை வாசிப்பதுபோல் இருக்கிறது. இறுதியாக ஒன்று சொல்கிறேன் என்கிறார். விட்டது என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்."

மேலே சத்தமே இல்லை. ஆனால் கீழே அரசருக்கு எல்லாம் தெரிந்தது. தளபதியின் கால்விரல்கள் சுருண்டன. வைத்தியரின் கால்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டன. கசையின் நுனி கிடுகிடுவென்று நடுங்கியது. கடைசியில் யாரோ மூக்கால் ஒரு சத்தம் விட, அறையே வெடித்துச் சிரித்தது. மருதவாணர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கிடந்தார்.

"நான் சிரிக்கவில்லை, சட்டம் இருக்கிறது" என்றார் அவர். "அமைச்சரும் சிரிக்கவில்லை. அரசர் வாய் திறந்து ஒரு நகைச்சுவை சொல்லியும் அவருக்கு ரசிக்கவில்லைபோல."

பொன்னம்பலநாதருக்கு வியர்த்தது. "ரசிக்காமலா? ஹி ஹி ஹி."

"சிரித்துவிட்டார். அவருக்கும் ஐம்பது."

"அநியாயம்" என்று அலறினார் அமைச்சர். "நான் நோயைப் பார்த்தா சிரித்தேன்? அரசரோடு சேர்ந்தல்லவா சிரித்தேன்?"

"நானும் அரசரைச் சிரிக்க வைக்கத்தானே படுத்தேன், ஐயா? நீங்களெல்லாம் முதுகைப் பார்த்துப் பேசினீர்கள். நான் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசினேன். அது சிரிக்கத் தயாராக இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு எழுந்து போயிருப்பேன்."

"சட்டத்தைக் கிழித்துப் போடுங்கள்" என்றார் அரசர். "கசையைக் கொண்டுபோய் உள்ளே வையுங்கள். ஆனால் அமைச்சரைச் சும்மா விடுவதாக இல்லை. ஒன்பது தடவை மாமனாரைச் சாகடித்து என்னை அழ வைத்தீரே, இப்போது ஒரு வேடிக்கைக் கதை சொல்லி என்னைச் சிரிக்க வையும்."

பொன்னம்பலநாதர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு ஊரில் ஒரு நோயாளி இருந்தாராம். அவருக்கு நோயாம். வயது அறுபது. இல்லை, அறுபத்திரண்டு. சரி, அறுபது என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒரு தம்பி. தம்பிக்கு நோய் இல்லை. அந்தத் தம்பியின் வயதைச் சொல்வதற்கு முன்னால் அவர்கள் பாட்டனாரைப் பற்றி..."

கட்டிலிலிருந்து ஒரு கை கீழே நீண்டது. தடவித் தடவி வைத்தியரின் கணுக்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"வைத்தியரே" என்றார் அரசர், "இவர் பாட்டனாருக்கு வந்து சேர்வதற்குள் கீறிவிடும்."