குல்லாவில் விழுந்த ஓட்டை

சோலைக்காட்டில் சொக்கி என்ற முள்ளம்பன்றி கம்பளிக் குல்லா பின்னிக்கொண்டிருந்தாள். ஊசிக்காக அவள் எங்கும் அலையவில்லை. உதிர்ந்த தன் முட்களில் நல்லதாக இரண்டை எடுத்துத் தீட்டி வைத்திருந்தாள். மேய வந்த செம்மறிகள் புதர்களில் விட்டுப்போன கம்பளியைத் திரித்து நூலாக்கினாள். தவிட்டுப்பழச் சாற்றில் ஊறவைத்து ஊதா நிறமும் ஏற்றினாள்.

அவளுக்குப் பயம் மட்டும் கொஞ்சம் அதிகம். ஒரு வரிசை பின்னுவாள். ஊசியில் நிற்கும் நூல் வளையங்களான கண்ணிகளை எண்ணுவாள். சரியாக இருக்கும். இருந்தாலும் இன்னொரு முறை எண்ணுவாள்.

பயப்படக் காரணமும் இருந்தது. அது தேவானைக்கான குல்லா.

தேவானை ஒரு வரையாடு. விடியலில் உச்சிப்பாறையில் நின்று காவல் காப்பவள். கீழே புல்வெளியில் மான்கள் குட்டிகளோடு மேயும். செந்நாய்கள் வந்தால் அவள் சீழ்க்கை அடிப்பாள். எல்லோரும் ஓடி ஒளிவார்கள். போன வருடத்து உறைபனியில் அவளுடைய காது நுனிகள் வெடித்துப் புண்ணாகிவிட்டன. இன்னொரு பனியை அவை தாங்காது. அவள் பாறையை விட்டு இறங்கிவிட்டால் மான்குட்டிகளை யார் காப்பாற்றுவது?

குல்லாவுக்கு வடிவம் போட்டவன் சிங்காரம் என்ற கருமந்தி. ஈர மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினான். கொம்புகளுக்கு இரண்டு துவாரம். உச்சியில் பெரிய குஞ்சம். காதுகள் இரண்டையும் இறுக்கமாக மூடும் தடித்த மடல்கள்.

"எப்படி? பார்க்கிறவன் அசந்து போகணும்!" என்றான்.

சொக்கி அவன் வரைந்தபடியே பின்னினாள். குறித்த ஒரு நாள் விடியலில் காட்டில் உள்ள எல்லோரும் பாறைக்கு வந்து குல்லாவைப் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் நண்பகலில் வேலை முடிந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

இடது காதுக்கு நேரே ஓர் ஓட்டை!

எப்போதோ ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவியிருக்கிறது. அதே வரிசையில் அவள் நூலைப் பிளந்து ஒரு கண்ணியை இரண்டாக எடுத்திருக்கிறாள். அதனால் எண்ணிக்கை மட்டும் சரியாக வந்திருக்கிறது. நழுவிய கண்ணியோ கீழே இருந்தவற்றையும் அவிழ்த்துக்கொண்டு இறங்கியிருந்தது.

"சிங்காரம் அண்ணே! இங்கே பாருங்க!" என்று ஓடினாள்.

சிங்காரம் பார்த்தான். "இதுக்கா இந்த ஓட்டம்? மேலே ஒரு பூவை வச்சுத் தைச்சிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"பூ உதிர்ந்தா குளிர்காத்துக்குத் தெரியுமே அண்ணே. அவங்க காது ஏற்கெனவே புண்ணு."

"ஏ சொக்கி! நாளைக்குக் காடே வந்து பார்க்கப்போகுது. என் பேரைக் கெடுத்துடாதே!"

சொக்கி ஓட்டையைத் தடவிப் பார்த்தாள். சொன்னால், 'முள்ளம்பன்றிக்குப் பின்னல் எதற்கு?' என்று எல்லோரும் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் சிரிக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் காது?

குல்லாவை எடுத்துக்கொண்டு பாறை ஏறினாள். வழியில் இரண்டு முறை திரும்பிவிடலாமா என்று நின்றாள். மூன்றாம் முறை நிற்பதற்குள் தேவானையே பார்த்துவிட்டாள்.

"வா சொக்கி! ஏன் மூச்சு வாங்குது?"

"அக்கா, குல்லா முடிஞ்சுது. ஆனா இடது பக்கம் ஓர் ஓட்டை விழுந்திருக்கு. என் தப்புதான். போட்டுப் பார்த்துட்டுத் திட்டுங்க."

தேவானை சிரித்துக்கொண்டே குல்லாவை மாட்டினாள். கதகதப்பாக இருந்தது. கண்ணை மூடிச் சுகமாக நின்றாள்.

அப்போது சொக்கி அவளுக்கு வலப்பக்கமாக நகர்ந்து, "ரொம்ப மோசமா இருக்கா அக்கா?" என்று கேட்டாள்.

பதில் இல்லை.

கோபமோ என்று பயந்து, பின்னால் சுற்றி ஓட்டை இருந்த இடப்பக்கம் வந்து, "கேட்டதுக்குப் பதிலே சொல்லலையே அக்கா?" என்றாள். தேவானை சட்டென்று திரும்பினாள்.

"இப்போதானே கேட்டே?"

"இல்லக்கா, அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்டேனே!"

தேவானையின் முகம் மாறியது. "எனக்கு ஒண்ணுமே கேட்கலையே! விடியக்காலையில மூடுபனி இறங்கினா என் கொம்பு நுனிகூட எனக்குத் தெரியாது. அப்போ காதுதான் எனக்குக் கண்ணு. அதை அடைச்சுட்டா நான் இங்கே நின்னு என்ன பிரயோஜனம்? இதைப் பின்னுறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

சொக்கி தலை குனிந்தாள். "கேட்கலை அக்கா."

"ஓட்டையைச் சொல்ல நீ வரலைன்னா நாளைக்குக் காலையில இதோட நின்னிருப்பேனே!"

இருவரும் அங்கேயே உட்கார்ந்தார்கள். சிங்காரம் பூவை வைத்துத் தைக்கச் சொன்னதைச் சொல்லிக்கொண்டே சொக்கி மடல்களை மளமளவென்று பிரித்தாள். எங்கே குளிர்கிறது, எங்கே திறந்திருக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் பின்னினாள். காது நுனிக்குத் தடித்த பின்னல். காதின் வாய்க்கு வலைபோல் தளர்ந்த பின்னல். பொழுது சாயும் முன் முடித்துவிட்டாள். சோதித்தும் பார்த்தார்கள். தூரத்தில் சருகு புரண்டாலும் தேவானையின் காது அசைந்தது.

மறுநாள் மூடுபனி பால்போல் இறங்கியிருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாறையடியில் கூடினார்கள். சிங்காரம் குல்லாவைப் பார்த்துப் பதறினான்.

"என் மடல் எங்கே? இது என்ன சல்லடை?"

"உஷ்!" என்றாள் தேவானை.

வலப்பக்கச் சரிவில் உறைந்த புல் நொறுங்கும் மெல்லிய ஒலி. ஒரு கால் அல்ல, பல கால்கள்!

தேவானை நீளமாகச் சீழ்க்கை அடித்தாள். மான்கள் குட்டிகளைத் தள்ளிக்கொண்டு சோலைக்குள் பாய்ந்தன. சிங்காரம் மரத்தில் தொற்றினான். சொக்கி முட்களை விரித்துக்கொண்டு பாறை இடுக்கில் ஒண்டினாள். பனிக்குள்ளிருந்து வெளிவந்த செந்நாய்களுக்கு வெறும் புல்வெளிதான் கிடைத்தது. சுற்றிச் சுற்றி மோப்பம் பிடித்துவிட்டு வந்த வழியே போய்விட்டன.

எல்லோரும் மெதுவாக வெளியே வந்தார்கள். ஒரு குட்டியும் குறையவில்லை.

சிங்காரம் மரத்திலிருந்து இறங்கித் தொண்டையைச் செருமினான். "வலைப்பின்னல் நல்லாத்தான் இருக்கு. நானும் மனசுக்குள்ளே அப்படித்தான் நினைச்சிருந்தேன்!"

"அப்படியா தம்பி? அப்போ அந்தப் பூவை எங்கே தைக்கிறதா நினைச்சிருந்தே?" என்றாள் தேவானை.

எல்லோரும் சிரித்தார்கள். சிங்காரம் காதைச் சொறிந்துகொண்டான். சற்று நேரம் கழித்து, நடுங்கிக்கொண்டிருந்த ஒரு மான்குட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். கையில் குச்சி இருந்தது. ஆனால் மண்ணில் எதுவும் வரையவில்லை.

"பாப்பா, உனக்கு எங்கே குளிருது? முதல்ல அதைச் சொல்லு," என்றான்.

பக்கத்தில் சொக்கி நூல் திரிக்கத் தொடங்கினாள்.

தன் சிறு பிழையை மறைக்காமல் சொல்பவருக்கே, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பெரிய பிழையைத் திருத்தும் வாய்ப்பும் கிடைக்கும்.