காலடியில் வந்து நின்ற கட்டை

பஸ்ஸை விட்டு இறங்கியதும் சிவசைலம் செய்த முதல் காரியமே கோணலாகப் போயிற்று. விழா மைதானத்து வாசலில் இருந்த டீக்கடைக்குப் போய், "ரெண்டு டீ. ஒண்ணு சீனியில்லாம" என்று சொல்லிவிட்டார்.

ஆறு வருஷம் இதே விழாவுக்கு வந்து, இதே கடையில் நின்று, இதையே சொல்லிப் பழகிய வாய். சீனியில்லாத டீ அவருடைய தம்பி நெல்லையப்பனுக்கு. இந்த வருஷம் அவருடன் வந்திருந்தது தம்பி இல்லை, அவருக்கு வளையம் எறியக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாரம்மா மெகருன்னிசா.

வாத்தியாரம்மா ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது.

"இது யாரு டீ, சார்?"

சிவசைலம் தன் கிளாஸை வாயில் வைத்துக்கொண்டார். வாத்தியாரம்மா அதையே மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தார்.

சிவசைலத்துக்கு ஐம்பத்தொரு வயது. அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். மெகருன்னிசாவுக்கு முப்பத்து நாலு. சர்க்கஸ் கூடாரத்தில் பிறந்தவர். நடக்கிறதுக்கு முன்னாடியே மூன்று பந்து எறிவார் என்று ஊரில் சொல்வார்கள். அவரிடம் கேட்டால், "அதெல்லாம் நோட்டீஸ்ல போடுறதுக்கு" என்பார். ஆயிரம் பிள்ளைகளை விசில் ஊதி வரிசையில் நிறுத்திய மனுஷர், தன்னைவிடப் பதினேழு வயது சின்னவரின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பள்ளிக்கூடமே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். அவருக்கு வேலை ஆக வேண்டியிருந்தது.

மாசி மாதம் வந்தால் அந்தக் கடலோர ஊரில் மூன்று நாள் பன்னாட்டுச் சர்க்கஸ் கலைவிழா. மங்கோலியாவிலிருந்து உடம்பை ரப்பராக வளைக்கும் பெண்கள் வருவார்கள். எத்தியோப்பியாவிலிருந்து ஒருவர் தோள்மேல் ஒருவராக ஏறி நிற்கும் பையன்கள் வருவார்கள். பிரான்சிலிருந்து ஒரு கோமாளி, ஒரு நாற்காலியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சிரிக்கவைப்பார். உள்ளூர்க்காரர்களுக்கும் சின்னக் கூடாரத்தில் ஆளுக்கு எட்டு நிமிஷம் உண்டு. சிவசைலத்தின் எட்டு நிமிஷம் மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு. ஏழு வளையத்தை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கிற வித்தை, தனியாக.

வாசலைத் தாண்டும்போது சிவசைலம் கேட்டார்.

"வாத்தியாரம்மா, கை தவறாம இருக்கதுக்கு என்ன வழி?"

"எதுக்கு தவறக் கூடாது?"

"என் தம்பி பாப்பான். வருஷம் தவறாம வருதவன். இந்த வருஷமும் வந்திருப்பான்."

"பாத்தா?"

"ஒரு வளையம்கூட விழாம நான் செஞ்சு காட்டிட்டா, அவன் என்கூட பேசிருவான்."

"ஏன் பேசாம இருக்காரு?"

நடந்துகொண்டே சிவசைலம் சொன்னார். ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாததை, கூட்டத்துக்கு நடுவில், முட்டி மோதுகிறவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டே சொன்னார்.

போன வருஷம் இதே சின்னக் கூடாரம். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்று, பாட்டில் வடிவத்தில் இருக்கும் மரக்கட்டைகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கிற வித்தை. சின்ன வயதில் ஆற்றங்கரையில் பனங்காயை எறிந்து பழகியதிலிருந்து வந்த ஜோடி. பாதியில் தம்பி எறிந்த கட்டை ஒன்று குறி தப்பி, அண்ணன் காலடியில் வந்து விழுந்தது. யாருக்குப் பக்கத்தில் விழுகிறதோ அவர்தான் எடுக்க வேண்டும். ஜோடி வித்தைக்காரர்களுக்கு அது எழுதாத சட்டம். எடுத்துச் சுழலில் சேர்த்துவிட்டால் பார்க்கிறவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

சிவசைலம் எடுக்கவில்லை. தவறு தன்னுடையது இல்லை என்று எல்லாருக்கும் தெரியட்டுமே என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சபை அமைதியாயிற்று. நெல்லையப்பன் மேடையைக் குறுக்கே கடந்து வந்து, அண்ணன் காலடியில் குனிந்து, கட்டையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். மிச்ச வித்தையை ஒரு பிசிறு இல்லாமல் முடித்தார். அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவரு, வாத்தியாரம்மா. அவன் மக சடங்குக்குப் பத்திரிகை தபால்ல வந்துச்சு. பக்கத்து வீட்டுக்கு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்கான்."

சொல்லும்போது சிரிக்கத்தான் பார்த்தார். வரவில்லை.

வாத்தியாரம்மா அவர் தோளில் இருந்த வளையப் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு பயிற்சிக் கூடத்துக்குக் கூட்டிப்போனார்.

தகரக் கூரை போட்ட பெரிய கூடம். நூறு பேராவது இருப்பார்கள். பந்து, வளையம், கட்டை எல்லாம் மேலே பறந்துகொண்டிருந்தன. நிமிஷத்துக்கு நாலு கீழே விழுந்தன.

"அந்தச் சுவரோரமா உக்காருங்க சார். உங்க பக்கம் உருண்டு வர்றதைத் திருப்பி உருட்டிவிடுங்க."

"பயிற்சி எப்ப?"

"இதான்."

"எத்தனை நேரம்?"

"கூடம் மூடுற வரைக்கும். ரெண்டு நாளும்."

சிவசைலம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பந்து வந்தது. எடுத்து, பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில், எறிந்தார். அது ஒரு கொரியாக்காரர் முதுகில் பட்டு, அவர் கையிலிருந்த ஐந்தும் சிதறின.

வாத்தியாரம்மா பக்கத்தில் வந்து குனிந்தார்.

"எறியக் கூடாது சார். அவங்க கை சும்மாவா இருக்கு? தரையோட தரையா விடுங்க. முகத்தையும் பாக்கக் கூடாது. இந்தக் கூடத்துல அதுதான் வழக்கம்."

"முகத்தைப் பாத்தா என்ன?"

"விழுந்தது யாரோடதுன்னு தெரிஞ்சுபோகும்ல."

அரை மணி நேரம் கழித்து, மூன்று கட்டைகளோடு மல்லாடிக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு, "தம்பி, முழங்கையை உள்ள வையி" என்று யோசனை சொன்னார். வாத்தியாரம்மா தூரத்திலிருந்தே ஒரு பார்வை பார்த்தார். சிவசைலம் வாயை மூடிக்கொண்டார்.

பந்து உருட்டுவது சுலபம். வளையம் அப்படி இல்லை. விளிம்பில் நிற்கவைத்து விட வேண்டும். கையில் கொஞ்சம் அவசரம் இருந்தாலும் பாதி வழியில் சாய்ந்து படுத்துவிடும். முதல் நாள் அவர் விட்ட வளையங்கள் ஒன்றுகூட ஊர் போய்ச் சேரவில்லை. உடையவர்கள் நடந்து வந்து எடுத்துக்கொண்டார்கள். யாரும் கோபப்படவில்லை. நன்றி சொல்வதும் மன்னிப்புக் கேட்பதும் அங்கே கிடையாது போலிருக்கிறது.

மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் நெல்லையப்பனைப் பார்த்தார். நெல்லையப்பனும் பார்த்தார். பார்த்துவிட்டு வரிசையை விட்டு விலகி வேறு பக்கம் போய்விட்டார். சிவசைலம் தட்டை வைத்துவிட்டு வாத்தியாரம்மாவிடம் வந்தார்.

"வாத்தியாரம்மா, நாளைக்காவது நான் பயிற்சி எடுக்கேன். இப்படி உக்காந்தே இருந்தா, மேடையில மானம் போயிரும்."

"போன வருஷம் போகலையா?"

அவர் சுவரோரத்துக்கே திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

இரண்டாம் நாள் காலையில் வாசல் சுவரொட்டியில் ஆளுயரத்துக்கு நிற்கிற ருஷ்யப் பெண்மணியின் பந்துகள் அவர் பக்கம் வந்தன. ஒரு மணி நேரத்தில் பதினொரு முறை. பதினொன்றாவது முறைக்குப் பிறகு சிவசைலம் எண்ணுவதை விட்டார். அதற்கும் பிறகு நிமிர்ந்து பார்ப்பதையும் விட்டார். வருகிறது, உருட்டிவிடுகிறோம், போகிறது. வளையங்கள் இப்போது பெரும்பாலும் சாயாமல் போய்ச் சேர்ந்தன. எப்போதிலிருந்து என்று அவருக்கே தெரியவில்லை.

பதினொன்றரை மணி வாக்கில் ஒரு கட்டை சறுக்கிக்கொண்டு வந்து அவர் கால் பெருவிரலில் இடித்து நின்றது.

கைப்பிடியில் சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டிச் சுற்றியிருந்தது. தம்பிக்காக அவரே தன் கையால் வெட்டிச் சுற்றியது. உலகத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒரு கட்டை கிடையாது.

சிவசைலம் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டார். ஓடிப்போய்க் கையில் கொடுக்க வேண்டும், தோளைப் பிடித்துக்கொண்டு, எலே நெல்லை, தப்புதான்லே என்று சொல்ல வேண்டும். வாத்தியாரம்மா எங்கே என்று தேடினார். அவர் கூடத்தின் மறுகோடியில் தன் பாட்டுக்குப் பந்து எறிந்துகொண்டிருந்தார்.

சிவசைலம் மறுபடி உட்கார்ந்தார். தலையைக் குனிந்து, கட்டையைத் தரையில் வைத்து, மெதுவாகத் தள்ளிவிட்டார். இருபதடி தூரத்தில் இரண்டு கால்கள் தெரிந்தன. ஒரு கால் கட்டையை மிதித்து நிறுத்தியது. பிறகு கட்டைகள் உள்ளங்கையில் விழும் சத்தம் கேட்டது. டப், டப், டப். மூன்று கட்டை.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. அதே கட்டை மறுபடி வந்து காலில் இடித்தது. தள்ளிவிட்டார். மறுபடி வந்தது. அப்புறமும் ஒரு முறை வந்தது.

சாயங்காலம் கூடம் மூடியதும் வாத்தியாரம்மாவிடம் ஓடினார்.

"நாலு தடவை, வாத்தியாரம்மா! மூணு கட்டையை அவன் தூக்கத்துலகூட விடமாட்டான். வேணும்னே போடுதானா? இல்ல, நெசமாவே கை தவறுதா?"

"நீங்க நாலு தடவையும் உருட்டிவிட்டீங்களா?"

"விட்டேன்."

"அது போதும். முழங்காலுக்கு எண்ணெய் போட்டுப் படுங்க."

மூன்றாம் நாள் நாலு மணி. சின்னக் கூடாரம் நிறைந்திருந்தது. தரை மட்டத்துப் பலகை மேடை, அதன் விளக்குக்கு அப்பால் இருட்டு. முதல் வரிசையில் இருந்தவர்களின் செருப்பு மட்டும் தெரிந்தது. வாத்தியாரம்மா பக்கத்துத் தூணில் சாய்ந்து நின்றார்.

நாலு நிமிஷம் ஏழு வளையமும் பறந்தன. ஐந்தாவது நிமிஷத்தில் ஒன்று விரல் நுனியில் தட்டி, விலகி, மேடை ஓரத்தைத் தாண்டி இருட்டுக்குள் உருண்டு போனது.

ஒரு வருஷமாகச் சிவசைலம் பயந்துகொண்டிருந்தது அந்த ஒன்றுக்குத்தான். அவர் மிச்ச ஆறையும் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தரையில் வைத்தார். சபை அமைதியாயிற்று, போன வருஷத்தைப் போலவே. அவர் முழங்காலை மடக்கி மேடையிலேயே உட்கார்ந்தார். கூடத்தில் உட்கார்ந்தாரே, அதே மாதிரி. தலையைக் குனிந்துகொண்டு, வலது கையைத் தரையில் வைத்து, உள்ளங்கையை இருட்டின் பக்கம் திருப்பிக் காத்திருந்தார்.

யாரோ ஒரு குழந்தை சிரித்தது. இதுவும் வித்தையில் ஒரு பகுதி என்று சிலர் கைதட்டினார்கள்.

இருட்டிலிருந்து வளையம் வந்தது. விளிம்பில் நின்று, அவசரமில்லாமல், பலகை இடுக்குகளைத் தாண்டி, நேராக வந்து அவர் உள்ளங்கையில் சாய்ந்தது.

சிவசைலம் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண் நிறைந்துவிட்டதால் பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. எழுந்து மறுபடி ஆரம்பித்தார். மிச்ச நேரத்தில் இன்னொரு முறையும் ஒன்று விழுந்தது. அதை அவரே போய் எடுத்துக்கொண்டார், காய்கறிக் கூடையிலிருந்து விழுந்த தக்காளியை எடுக்கிற மாதிரி.

வெளியே வந்ததும் வாத்தியாரம்மா தோளில் கிடந்த வளையப் பையைக் கொடுத்தார். சிவசைலம் வாங்கிக்கொண்டு தயங்கி நின்றார்.

"கேட்டா கோவிச்சுக்கிடக் கூடாது. யாரு உருட்டிவிட்டதுன்னு நீங்க பாத்தீங்களா?"

"நம்ம வழக்கம் அதுக்குள்ள மறந்துபோச்சா?"

"இல்ல... சும்மா கேட்டேன்."

"வளையம் பாதியில சாஞ்சுச்சா, சார்?"

"சாயல. கைக்கே வந்து நின்னுச்சு."

"அப்புறம் என்ன?"

"அவன் பேசுவானா, வாத்தியாரம்மா?"

வாத்தியாரம்மா டீக்கடைப் பக்கம் பார்த்தார். அங்கே கூட்டமாக இருந்தது.

"போய் மூணு டீ சொல்லுங்க சார். ஒண்ணு சீனியில்லாம."

சிவசைலம் நகராமல் நின்றார்.

"போங்க. இந்தத் தடவை அதை நான் குடிக்க மாட்டேன்."